நிறமில்லாத சொற்கள்

பொய்யைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. மரியாதைதான் பாடாய்ப் படுத்தியது.

கோவை சரவணம்பட்டியில், ஒரு நான்காவது மாடி அலுவலகத்தில், நவநீதனும் பெனாசிரும் சேர்ந்து உருவாக்கிய பொருள் மிளகளவுதான் இருந்தது. சட்டைக் காலரிலோ துப்பட்டாவிலோ குத்திக்கொள்ளலாம். எதிரில் பேசுகிறவரின் குரலையும் மூச்சையும், சொல்லுக்கு முன்னால் நாக்கு தயங்கும் இடத்தையும் அது படிக்கும். சொல்லும் மனமும் ஒன்றாக இருந்தால் பச்சை. வேறு வேறாக இருந்தால் சிவப்பு. நிறுவனம் அதற்குத் 'தெளிவு' என்று பெயர் வைத்தது. ஊர் அந்தப் பெயரைச் சீண்டவே இல்லை. 'உள்குத்து மணி' என்றது. போகப் போக அதுவும் சுருங்கி வெறும் 'மணி' ஆயிற்று.

அணிந்திருப்பவர் பேசும்போது மட்டும் மணி எரியாது. தன் பொய்யைப் பார்க்க எவனும் காசு கொடுக்க மாட்டான் என்று விற்பனைப் பிரிவு சொல்லிவிட்டது. அவர் குரலும் பதிவாகும், அதன் நிறமும் உள்ளே பதிவாகும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

மணிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவை பெரிய புத்தகங்கள் அல்ல. டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் ரீல்ஸிலும் ஆளாளுக்கு அடித்துவிடும் தியரிகள்தான் தொடக்கம். 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா ஏதோ இருக்கு. 'சும்மாதான் கூப்பிட்டேன்'னு சொல்றவனுக்கு வேலை ஆகணும். 'தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு ஆரம்பிச்சா தப்பாத்தான் சொல்லப் போறான். சண்டையில வாய் தவறி வர்றதுதான் நெஜம். இப்படி வண்டி வண்டியாகச் சேர்ந்தன. கொங்குப் பக்கத்துக்கென்றே ஒன்று இருந்தது: 'ங்க' கூடினா அன்பு குறையுது.

அந்தக் கடைசித் தியரியைக் கேட்டு நவநீதனின் மனைவி கோகிலவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாணி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். வெளியே நாலு பேர் முன்னால் அவள் கணவனை 'வாங்க, போங்க' என்பாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் 'நவநீ, அந்தத் துண்ட எடு' என்பாள்.

"அப்ப எங்கக்கா மாமாகிட்ட ஒரு வார்த்தைக்கு நாலு 'ங்க' போடறாளே, அவங்க கதை கந்தலா?" என்றாள்.

"உங்க மாமாகிட்டயே கேட்டுச் சொல்றேன்."

"கேளு. அப்புறம் அக்கா உன்னயக் கந்தலாக்குவா."

சோதனைக்காக முதலில் சில வீடுகளுக்கு மணியைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் சண்டை வந்து சேர்ந்தது. பெண் பார்க்கப் போனவர் "காபி நல்லா இருக்குதுங்க" என்றார், சிவப்பு. விருந்தாளி "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்றார், சிவப்பு. "உங்களைத் தொந்தரவு பண்ணிட்டனுங்களா" என்றதற்கு வீட்டுக்காரர் "அதெல்லாம் இல்லீங்க" என்றார், பளிச்சென்று சிவப்பு.

"இதெல்லாம் பொய் இல்லீங்ணா" என்றாள் பெனாசிர். அவள் அலுவலகத்தில் எல்லோரையும் அண்ணா ஆக்கிவிடுவாள். "இது கதவுக்கு எண்ணெய் விடற மாதிரி. இதுக்கெல்லாம் லைட் போட்டா ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போக மாட்டான்."

அதனால் சில சொற்களுக்கு விலக்கு அளித்தார்கள். அவற்றை யார் சொன்னாலும் மணி எரியாது. மரியாதைச் சொற்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 'போயிட்டு வர்றேன்' என்பதை அதில் சேர்க்கச் சொன்னவன் நவநீதன்தான்.

"சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து கெளம்பறவங்களப் பாரு" என்றான். "எல்லாரும் 'போயிட்டு வர்றேன்'னுதான் சொல்றாங்க. பாதிப் பேருக்குச் சிவப்பு. நாளைக்கு வர யாருக்கும் மனசில்ல."

"உங்களுக்கு என்ன கலர்னு பாக்கட்டுங்களா?"

"வேண்டாம் தாயே. 'போறேன்'னு நம்ம ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா ஆகாது. அதுக்குப் பதிலா இதச் சொல்றாங்க. வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதயும் 'போயிட்டு வாங்க'ங்கறதயும் சேர்த்துத் தூக்கிரு."

பெனாசிர் இரண்டையும் விலக்கில் சேர்த்தாள். "மேலதான் எரியாதுங்ணா. உள்ள பதிவு இருக்கும்" என்றாள். அன்றிரவு பேச்சோடு பேச்சாக வாணியிடம் அதைச் சொன்னவன், பிறகு மறந்துவிட்டான்.

மணி கடைக்கு வந்த பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. திருமண மண்டப வாசல்களில் செருப்போடு மணியையும் கழற்றச் சொன்னார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லப் பயந்து, மாலையைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றார்கள். பேசுவதைவிட எழுதி அனுப்புவது பாதுகாப்பு என்று பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூடக் கண்டுகொண்டார்கள். பொய் குறைந்துவிட்டது என்று நிறுவனம் பெருமையாகச் சொன்னது. பேச்சுதான் குறைந்திருந்தது.

நவநீதன் மணியை வீட்டுக்குக் கொண்டு வந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அவன் காலரில் இருந்த அதை வைத்து வாணி விளையாடினாள். தன் சமையலைத் தானே திட்டிக்கொண்டு என்ன நிறம் வருகிறது என்று பார்த்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

"என்னையப் பிடிக்குமா?"

"ச்சீ, சாப்பிடு."

"சொல்லேன்."

"பிடிக்காமத்தான் இத்தன வருசம் உனக்கு ரசம் வெச்சுட்டு இருக்கனா? பிடிக்கும் போ."

காலருக்குக் கீழே பச்சை விழுந்தது. அந்தப் பச்சை அவன் தட்டின் விளிம்பில், எவர்சில்வரில், ஒரு பொட்டாகத் தெரிந்தது. அவன் சாப்பிடுவதை விட்டுவிட்டு அதையே பார்த்தான். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. காபி கொடுக்கும்போது கேட்டான், வண்டியில் போகும்போது கேட்டான். ஒவ்வொரு முறையும் பச்சை விழுந்தது. ஆனால் அவள் பதில் சொல்லும் விதம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு 'போ' போயிற்று. கடைசியில் "பிடிக்கும்" என்ற ஒரு சொல் மட்டும், வாசலில் வந்து நிற்பவருக்குச் சில்லறை போடுவது போல, விழுந்தது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. குறை அவனிடம் என்று டாக்டர் சொன்ன நாளில், மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றுகொண்டு அவன் கேட்டிருந்தான், உனக்கு வருத்தமா என்று. அவள் அவன் கையைப் பிடித்து "இல்ல நவநீ" என்றாள். இத்தனை வருடமும் அந்த 'இல்ல'யில் சாய்ந்துகொண்டுதான் அவன் வாழ்ந்தான். பின்னாலும் எப்போதாவது கேட்பான். அவள் அதையே சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அழுத குழந்தையை வாணிதான் வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் புடவைத் தோளில் குழந்தையின் எச்சில் ஈரம் காயாமல் இருந்தது. அவள் புடவையை மாற்றவில்லை. மதிய வெயில் கூடத்தில் கிடந்தது. அவள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சந்தேகப்பட்டு அவன் கேட்கவில்லை. அந்தப் பழைய சொல்லை ஒரே ஒரு முறை பச்சையில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதுதான் அவன் செய்த பிழை.

"வாணி, கொழந்த இல்லைன்னு உனக்கு வருத்தம் இருக்குதா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை, காலரைப் பார்த்தாள்.

"அதக் கழட்டிட்டுக் கேளு."

"ஏன்?"

"கழட்டிட்டுக் கேளுன்னேன், நவநீ."

"சும்மா சொல்லு. எனக்குத் தெரிஞ்ச பதில்தான?"

வெங்காயத் தோல் விசிறிக் காற்றில் நகர்ந்து சுவர் ஓரம் போயிற்று. அவள் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமலே இருந்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்ல நவநீ."

சிவப்பு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசமா இத நான் உனக்குக் குடுத்துட்டு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு வாட்டி நீ கேக்கறப்பவும் எங்கிருந்தோ எடுத்துட்டு வந்து குடுத்தேன். வாங்கி வெச்சுக்கத் தெரியல உனக்கு. பிரிச்சுப் பாக்கோணும். அது நெஜம் இல்ல. ஆனா அது பொய்யும் இல்லீங்க. உங்க மணியில அதுக்கு ஒரு கலர் இல்லீங்களா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலில் 'ங்க' வந்து உட்கார்ந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. மணி பச்சையாக இருந்ததைத்தான் கவனித்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் 'நவநீ' என்ற சொல் கேட்கவில்லை. சாப்பாடு ஆச்சுங்க, கதவச் சாத்திட்டனுங்க, பாலு வந்துருச்சுங்க. எல்லாம் பச்சை, எல்லாம் உண்மை. அவன் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். பார்த்தால் அந்த வருத்தம் தெரிந்தது. முன்பும் அது அங்கே இருந்திருக்கும், அவள் அதன் மேல் ஒரு துணி போட்டு வைத்திருந்தாள். இப்போது பெரிய பீரோ போலக் கூடத்தின் நடுவில் நின்றது. எந்தப் பக்கம் போனாலும் அதில் இடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கொண்டு வந்து வைத்தவன் தானே என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் இன்னும் கேட்டான். இப்ப என்ன நினைக்கற? என் மேல கோவமா?

"வீட்டுக்குள்ளயாவது அதக் கழட்டி வைங்க" என்றாள் ஒரு நாள்.

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வெச்சுக்கறதுக்கு இருக்குது."

அவனுக்கு அது புரியவில்லை. மணி பச்சை காட்டியதால், புரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு காலையில், கோபியில் இருக்கும் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. வாணி சின்னப் பையில் துணி எடுத்து வைத்தாள். பிரிட்ஜைத் திறந்து காட்டினாள்.

"மாவு ரெண்டு நாளைக்கு வரும். சட்னிக்குத் தேங்கா துருவி வெச்சிருக்குது. கேஸ மறக்காம மூடிருங்க."

ஆட்டோ வந்து நின்றது. அவள் பையை வைத்துவிட்டு, ஏறப் போனவள், திரும்பி வாசல் வரைக்கும் வந்தாள்.

"போயிட்டு வர்றேன், நவநீ."

அவன் மணியைப் பார்த்தான். அது எரியவில்லை.

"போயிட்டு வா" என்றான்.

அவள் உடனே நகரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ படிக்கிறவள் போல, படித்ததைத் திரும்பவும் ஒரு முறை படிக்கிறவள் போல நின்றாள். அவன் குனிந்து காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு அவள் போய் ஏறிக்கொண்டாள். அன்று மதியம், ரொம்ப நாளைக்குப் பிறகு, அவன் நன்றாகத் தூங்கினான்.

அவள் வரவில்லை.

மாவு புளித்தது. புளித்த மாவில் தோசை ஊற்றித் தின்றான். மீதம் நுரைத்துப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிய பிறகுதான் கொட்டினான். போனில் "எப்ப வர்ற?" என்று கேட்டால் "பாக்கறேனுங்க" என்பாள். போன் குரலையும் மணி படிக்கும். பச்சை. அக்காவுக்கு உடம்பு தேறியது. கோபியிலேயே ஒரு பல் லேபில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அதற்கும் பச்சை.

அவன் மனதில் ஒரு நினைப்பு மெல்ல மெல்ல ஊறி வந்தது. அவள் போகும்போதே வராமல் இருக்க முடிவு செய்துவிட்டாள். அத்தனை சொல்லுக்கும் எரிகிற மணி எரியாத இடமாகப் பார்த்து, அவனே சிபாரிசு செய்து விலக்கு வாங்கிய அந்தச் சொல்லுக்குள் தன் பொய்யை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இப்படி நினைக்க அவனுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. ஏமாற்றப்பட்டவனாக இருப்பது, தவறு செய்தவனாக இருப்பதைவிட எளிது.

கடைசியில் போனில் கேட்டே விட்டான்.

"போயிட்டு வர்றேன்னு சொன்னியே. அது பொய்தான?"

மறுமுனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"உள்ள பதிவு இருக்குமுன்னு முன்ன ஒரு நாள் நீங்களே சொன்னீங்க" என்றாள். "போய்ப் பாருங்க. ரெண்டையும் பாருங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

"ரெண்டா? எது ரெண்டு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன 'இல்ல'யைத்தான் இன்னொன்றாகச் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, பெனாசிரின் மேசைக்குப் போய் நின்றான். அவள் துப்பட்டாவில் மணி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"வேண்டாங்ணா" என்றாள் விஷயத்தைக் கேட்டதும்.

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சு என்னங்ணா பண்ணப் போறீங்க? எங்கத்தா ஆஸ்பத்திரியில கெடந்தாருல்ல. 'பயமா இருக்கா அத்தா'ன்னு கேட்டேன். 'இல்லம்மா'ன்னாரு. மணியக் கழட்டிப் பர்ஸுக்குள்ள போட்டு ஜிப் போட்டுட்டுத்தான் நான் உள்ளயே போனேன். அவரு மவுத்தாகி, அடக்கம் பண்ணி இத்தன நாளாச்சு. அவரு பயப்படலைன்னுதான் இன்னிக்கும் நெனச்சுட்டு இருக்கேன். அத வெச்சுத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"உன்னோட அப்பா உன்னைய வேண்டாமுன்னு விட்டுட்டுப் போகலியே."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவனுடைய மணியை வாங்கிக் கருவியில் வைத்தாள். நாளும் நேரமும் சொன்னான். திரையில் ஆட்டோ சத்தம் ஓர் அலையாக வந்தது. அதற்குப் பின்னால் வாணியின் குரல்.

'போயிட்டு வர்றேன், நவநீ.'

பெனாசிர் விலக்கை எடுத்தாள். அலையின் மேல் நிறம் ஏறியது.

பச்சை. சந்தேகமே இல்லாத, வாழை இலைப் பச்சை.

அவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சரிந்தது. "வர்றதாத்தான் இருந்திருக்கா" என்றான். "பெனாசிர், வர்றதாத்தான் இருந்திருக்கா! மாவக்கூட ரெண்டு நாளைக்குத்தான் ஆட்டி வெச்சா. 'நவநீ'ன்னுதான் கூப்பிட்டா, கேட்டியா? நான் கூறுகெட்டவன். இப்பவே போறேன். வண்டிச் சாவி எங்க?"

பெனாசிர் திரும்பவில்லை. அவள் கை திரையை மூடப் போய், பாதியில் நின்றது. அவன் அதைப் பார்த்தான்.

அலை முடிந்த இடத்தில் இன்னொரு குட்டி அலை இருந்தது. அதே நிமிடம். ஆண் குரல்.

'போயிட்டு வா.'

அது சிவப்பாக இருந்தது.

"இது தப்பா இருக்கும்" என்றான் நவநீதன்.

பெனாசிர் அந்த அலையைப் பெரிதாக்கினாள்.

"ஓட்டிக் காட்டு."

ஓட்டினாள். தன் குரலை அவன் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டான். மணி தேவையே இல்லை. யார் கேட்டாலும் தெரியும். கதவைச் சாத்தக் காத்திருக்கிறவனின் குரல் அது. அன்று மதியம் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்தது. கூடத்தில் அந்தப் பீரோ இல்லாமல், காலை நீட்டிப் படுத்த தூக்கம்.

ரெண்டையும் பாருங்க என்றாள். அவள் வாசலில் நின்று படித்தது இதைத்தான். அவனைப் போலக் காலரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தவள்.

பெனாசிர் எழுந்து, மணியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சாப்பிடப் போவது போல வெளியே போனாள். பழக்கத்தில் அவன் அதைக் காலரில் குத்திக்கொண்டான். போனை எடுத்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் வாணி.

"பாத்தேன்."

"ரெண்டையுமா?"

"ம்."

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. ஆட்டோவுல ஏறி உக்காந்தும் கொஞ்ச நேரம் கெளம்ப வேண்டாமுன்னு டிரைவருகிட்டச் சொன்னேன். நீங்க உள்ள போயிட்டீங்க."

அவன் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தான். கீழே சத்தி ரோட்டில் கோபிக்குப் போகும் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும். 'வா' என்று சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவனுக்கு மணி எரியாது. ஆனால் அவளுக்கு மணி வேண்டியிருந்ததே இல்லை. தான் இப்போது 'வா' என்றால் அது என்ன நிறமாக இருக்கும்? தனக்குள் தேடித் தேடிப் பார்த்தான். வேண்டும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எது மேலே எது கீழே என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு காலத்தில் தெரியாமலேயே சொல்லியிருப்பான், சொன்ன பிறகு அது உண்மையாகியிருக்கும். அப்படிச் சொல்வது எப்படி என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவள் காத்திருந்தாள். அவள் மூச்சு அவனுக்குக் கேட்டது. பஸ் கிளம்பிப் போய், அது நின்ற இடத்தில் வெயில் விழுந்தது.

"சரிங்க" என்றாள் வாணி. குரலில் கோபம் எதுவும் இல்லை. "நான் போறேனுங்க."

ஊரில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லுக்கு அவன் விலக்கு வாங்கி வைத்திருக்கவில்லை. நவநீதன் காலரைக் கையால் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கில் பச்சை கசிந்தது.